வெட்டாத படம்

ஐயா,

ஆந்திராவில் குப்பம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணப் படங்களோடு இப்போது செய்திப் படங்களும் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறேன். யானை மிதித்து இறந்த விவசாயியின் மனைவி அழுகிற படத்தைப் போன மாதம் நிறையப் பேர் பகிர்ந்தார்கள். சுற்றியிருந்த நிலத்தையும் கூட்டத்தையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தேன். எழுத்தே இல்லாமல் படம் செய்தி சொல்லுமா? எந்த கேமரா வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கேமராவை விடுங்கள், கையில் இருப்பதே போதும். நிலத்தை வெட்டிவிட்டேன் என்கிறீர்களே, அதுதான் மனசை அறுக்கிறது.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மறுநாள் சித்தூர் டீக்கடையில் எல்லோரும் பேப்பரில் பிணங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காலத்தில் கூலிக்கு மரம் சுமந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் கிடந்த கட்டைகள் மேல் விரலை வைத்தார். "இது நேத்து வெட்டுன மரமில்ல சாமி. பெயிண்ட்டைப் பாருங்க." அப்போதுதான் வெட்டிய மரத்தில் பெயிண்ட் எப்படி வரும், முன்பே பிடிபட்ட கட்டைகளா என்று பின்னால் மனித உரிமை அமைப்புகளும் அதே கட்டைகளைக் காட்டித்தான் கேள்வி கேட்டன. முகங்களை மட்டும் அச்சடித்திருந்தால், உச்சுக்கொட்டிவிட்டுப் பேப்பரை மடித்திருப்போம்.

நீங்கள் வெட்டி எறிந்ததில் என்னென்ன போயிற்று? நிலத்தில் இருந்தது ராகியா, தக்காளியா? யானை வராமல் வெட்டிய அகழி தூர்ந்து கிடந்ததா? சோலார் வேலி அறுந்திருந்ததா? உங்கள் பக்கத்து யானைக் காடான கவுண்டின்யா சரணாலயத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவைதான். அழுகை எல்லாச் சாவிலும் இருக்கிறது. இந்தச் சாவு எப்படி வந்தது என்பது அந்த ஓரத்தில்தான் இருந்தது. பகிர்ந்தவர்களில் ஒருவராவது வேலியைப் பற்றிக் கேட்டாரா?

கோபமாக எழுதுகிறேன், ஆனால் உங்கள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. யானை நடமாடுகிற ஊருக்கு விடியுமுன் பைக்கில் போய் நிற்க எத்தனை பேருக்கு மனசு வரும்? வெளியூர் நிருபர் வந்து சேர்வதற்குள் அறுந்த வேலியைக் கட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் பார்த்த கண் உங்களுடையது.

சரி, வெட்டாத படம் கார்டில் இன்னும் இருக்குமல்லவா? அந்த அம்மாவிடம் கேளுங்கள். சம்மதித்தால் முழுசாகப் போட்டு, கீழே ஊர், தேதி, நேரம், வேலி இருந்த நிலை எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதுங்கள். மறுத்தால் முகத்தை எடுத்துவிட்டு நிலத்தையும் வேலியையும் போடுங்கள்.