ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாமா? ஒரு தாதியின் பதில்கள்

22 வருடமாக மட்டக்களப்பில் தாதியாக இருக்கிறேன். என் தங்கை கனடாவின் டொரொன்டோவில் பிராக்டிகல் நர்ஸ், அதாவது பட்டம் இல்லாமல் டிப்ளோமா படித்து அனுமதி பெற்ற தாதி. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்தால் போதும், குறுகிய கால நர்சிங் படிப்பைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இம்முறை வந்த கேள்விகளில் சில இவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

களுவாஞ்சிக்குடி: ஏ.எல். கலைப் பிரிவில் படித்தேன் அக்கா. டவுனில் ஒரு வருட நர்சிங் டிப்ளோமா இருக்கிறது. சேரட்டா?

அதை முடித்து என்னவாக வெளியே வருவீர்கள் என்று முதலில் கேளுங்கள் தங்கச்சி. அரச தாதியாக வர தாதியர் கல்லூரியில் 3 வருடம் படிக்க வேண்டும். மட்டக்களப்பிலும் உண்டு, அம்பாறையிலும் உண்டு, படிக்கும்போதே கொடுப்பனவும் தருவார்கள். ஆனால் பெரும்பாலும் உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதம் படித்தவர்களையே எடுத்து வந்திருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டம் 4 வருடம். ஒரு வருடப் படிப்பு பொதுவாகத் தாதி உதவியாளர், பராமரிப்பாளர் வேலைக்குத்தான். அது குறைந்த வேலை இல்லை. தனியார் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் அவர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் தாதி என்று நினைத்துப் போய் உதவியாளராக நிற்கும்போது மனம் உடைந்துவிடும்.

காசு கட்டுமுன் நேரில் போய் விசாரியுங்கள். நிலையம் அரசின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா? முடிவில் என்.வி.கியூ. 4, அதாவது தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழ், கிடைக்குமா? வார்ட் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மணித்தியாலம்? "அதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். தாயின் சங்கிலியை அடகு வைத்துப் படித்த ஒரு பிள்ளை என்னிடம் சான்றிதழோடு வந்தாள். அதில் என்.வி.கியூ. இல்லை, அவள் ஒரு நாள்கூட வார்டில் நின்றதும் இல்லை. வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்கினாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கல்முனை: கணவர் டொரொன்டோவில். எனக்கும் விசா சரிவந்துவிட்டது. பிள்ளைகளுக்கு 3 வயதும் 6 வயதும். அங்கே வேகமாக முடிக்கும் பிராக்டிகல் நர்சிங் எனக்குச் சரிவருமா அக்கா?

அங்கே அது முறையான தாதி அனுமதிப்பத்திரம் உள்ள வேலை, உங்கள் உழைப்பு வீண் போகாது. டொரொன்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அது 2 வருட டிப்ளோமா, நான்கு பருவம். கோடை விடுமுறை இல்லாமல் தொடர்ந்து படித்தால் 16 மாதத்தில் முடிக்கலாம். பிறகு அனுமதிப்பத்திரத்துக்கான ரெக்ஸ்-பி.என். பரீட்சை.

வேகமான படிப்பில் பாடம் குறையாது, உங்கள் ஓய்வுதான் குறையும். காலை 7 மணி வார்டுக்கு என் தங்கை விடிய 5 மணிக்கே பனிக்குள் இறங்குவாள், பிள்ளை தூங்கிய பிறகுதான் புத்தகத்தைத் திறப்பாள். அவளுக்கு மாமியார் வீட்டில் இருந்தார். உங்களுக்கு அந்த 5 மணிக்கு யார் இருக்கிறார்கள்? கணவருக்கும் நைட் ஷிப்ட் என்றால் சாதாரண 2 வருடப் படிப்பை எடுங்கள். அவசரத்தில் ஒரு பாடம் தவறி, அது மறுபடி நடக்கும் பருவம் வரை காத்திருந்தால் மிச்சம் பிடித்த மாதங்கள் அதிலேயே போய்விடும். ஆங்கிலத்தை இங்கிருந்தே தொடங்குங்கள், ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

வாழைச்சேனை: இரத்தம் பார்த்தால் தலை சுற்றும்.

அது பழகிவிடும். இரத்தத்தைவிட மற்ற வேலைதான் அதிகம். மலசலம் துடைப்பது, உடம்பு துடைப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, இதுதான் நாள் முழுக்க. சொந்தக்காரர் யாராவது வார்டில் இருந்தால் இரண்டு இரவு துணைக்கு நின்று பாருங்கள், உங்கள் மனமே சொல்லிவிடும்.

திருக்கோவில்: நான் ஆண் பிள்ளை, கணக்கிலும் மட்டம். பரவாயில்லையா மிஸ்?

ஆண் தாதியர் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும் தம்பி. கணக்குக்கு ஒன்று செய்து பாருங்கள்: 1000 மில்லிலீட்டர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிலீட்டருக்கு 20 துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி? 20,000 துளியை 480 நிமிடத்தால் பிரித்தால் சுமார் 42. விளங்கினால் போதும், மீதி பயிற்சியில் வரும். விளங்கவில்லை என்றால் சேருமுன் இரண்டு மாதம் வகுத்தல், பெருக்கல், தசமம் மட்டும் படியுங்கள். பிழையான துளிக்கணக்கு ஒருவருடைய நெஞ்சுக்குள் தண்ணீர் சேரவும் காரணமாகும்.

ஏறாவூர்: சேருமுன் இப்போதே செய்யக்கூடியது ஏதும் உண்டா மிஸ்?

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வார்ட் பயிற்சிக்கு விடுமுன் கேட்பார்கள். மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதத்தில் மூன்றாவது. குறுகிய படிப்பில் அந்த ஆறு மாதம் பாதிப் படிப்புக்குச் சமம். அதனால் போடவில்லை என்றால் முதல் ஊசியை இந்த மாதமே போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.