கோத்தகிரி மாணவிக்கு என்.டி.ஏ. கிடைக்குமா?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (மலைக் கிராமம்) இருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், கணிதம்-உயிரியல் பிரிவு. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. பத்தில் 441 மதிப்பெண். ஜூனியர் என்.சி.சி. 'ஏ' சான்றிதழ் இருக்கிறது. பிறந்தது 2009 அக்டோபர். உயரம் 154 செ.மீ. கண்ணாடி போட்டிருக்கிறேன், பவர் மைனஸ் 1.25. அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்பது ஆசை. ராணுவத்துக்குத் தயார்செய்யும் சைனிக் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் என்.டி.ஏ. கிடைக்கும் என்கிறார்கள். மலைவாசிகளுக்கு உயரத்தில் சலுகை உண்டா? பக்கத்தில் இருக்கும் வெலிங்டனிலேயே சேர முடியாதா? கோயம்புத்தூரில் ஒரு வருடம் கோச்சிங் போகலாமா? எனக்கு வாய்ப்பு எவ்வளவு?

பதில்: சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் அம்மா. என்.டி.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குள் நுழையும் வாய்ப்பு உனக்குச் சிறியது. படையில் அதிகாரி ஆகும் வாய்ப்பு அதைவிட நிறையப் பெரியது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஒரு தேர்வு கை நழுவியதும் மொத்தமாக ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதலில் வெலிங்டன். பேரக்ஸ் பக்கம் போகும்போது நீ பார்க்கும் பெரிய கல்லூரி, பாதுகாப்புப் படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி. ஏற்கெனவே அதிகாரியாகிப் பல வருடம் பணி செய்த மேஜர் நிலையினர் மேற்படிப்புக்கு வரும் இடம் அது. பள்ளி முடித்தவர்களுக்கு அங்கே சேர்க்கை கிடையாது. அதே ஊரில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் சிப்பாய்களைப் பயிற்றுவிப்பது. பள்ளி முடித்து அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் போவது புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு. கடற்படைக்கு மட்டும் கேரளத்தின் எழிமலையிலும் சில இடங்கள் உண்டு. அதற்கான தேர்வை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது.

உயரச் சலுகைக் கதையையும் முடித்துவிடுவோம். மலைப்பகுதிச் சலுகை உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் கூர்க்காக்கள், வடகிழக்கு மலையினர், கார்வால், குமாவுன் பகுதியினர். நீலகிரி அதில் இல்லை. உனக்கு அது தேவையும் இல்லை. பெண்களுக்குப் பொதுவான குறைந்தபட்சம் 152 செ.மீ., நீ 154. விமானப்படையில் விமானி ஆக 162.5 செ.மீ. வேண்டும் என்பதால் அந்தக் கதவு மட்டும் உனக்கு மூடியிருக்கிறது. கண்ணாடி தரைப்படைக்குத் தடையில்லை, மைனஸ் 2.5 வரை பார்க்கிறார்கள், கண்ணாடியோடு பார்வை முழுமையாக இருக்க வேண்டும். யாராவது 'லேசிக் பண்ணிக்கோ' என்றால் கேட்காதே. 20 வயதுக்கு முன் செய்த சிகிச்சையை ஏற்பதில்லை. இப்போதே ஒரு கண் மருத்துவரிடம் காட்டி நிறக்குருடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். முட்டி உரசும் கால், தட்டைப் பாதம், சொத்தைப் பல் இவற்றையும் மருத்துவக் குழு கவனிக்கும். பல்லை இப்போதே அடைத்துக்கொள்ளலாம்.

இனி எண்கள். 2025இல் ஒவ்வொரு தேர்வுக்கும் 406 இடங்கள் அறிவித்தார்கள். இதில் தரைப்படைக்கு 208. அந்த 208இல் பெண்களுக்கு 10. கடற்படை, விமானப்படை எல்லாம் சேர்த்தாலும் பெண்களுக்கு முப்பது இடம் தேறாது. உச்சநீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2021 இரண்டாம் தேர்வில்தான் பெண்கள் முதன்முதலில் எழுதினார்கள். அப்போது விண்ணப்பித்த பெண்கள் 1 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் 1,002. உள்ளே போனவர்கள் 19. அந்த அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

லட்சத்தைப் பார்த்து மலைக்காதே. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் பாடத்திட்டத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர்கள். உன் உண்மையான போட்டி அந்த ஆயிரம் பேருடன். அங்கே ஐம்பதில் ஒருத்தி என்பது கடினம்தான், ஆனால் லாட்டரி இல்லை.

உனக்கு எத்தனை முறை வாய்ப்பு என்று பார்ப்போம். பயிற்சி தொடங்கும் ஜனவரியிலோ ஜூலையிலோ வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். பிளஸ் ஒன் படிப்பவர் எழுத முடியாது, பிளஸ் டூ படிப்பவர் எழுதலாம். உன் பிறந்த தேதிக்கு 2026 செப்டம்பர், 2027 ஏப்ரல், 2027 செப்டம்பர், 2028 ஏப்ரல் என்று நான்கு முறை கிடைக்கும். 2028 செப்டம்பருக்கு வயது தாண்டிவிடும். முதல் முறையைக் களம் பார்க்க எழுது. பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த கையோடு வரும் ஏப்ரல் தேர்வுதான் உனக்கு முக்கியமானது. கணிதம் அப்போது சூடாகக் கையில் இருக்கும்.

எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண். கணிதம் 300, பொது அறிவுத் தாள் 600. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் கிடையாது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். தேர்ச்சிக் கோடு 2022 முதல் தேர்வில் 360, 2024 முதல் தேர்வில் 291. அதாவது பாதி மதிப்பெண்கூடத் தேவைப்படவில்லை. கணிதத்தில் 120 கேள்விகளில் 60 சரி, 15 தவறு என்றால் சுமார் 137 வரும். பொது அறிவில் 150இல் 75 சரி, 45 தவறு என்றால் சுமார் 240. கூட்டினால் 377. இரண்டு வருடக் கோட்டையும் தாண்டிவிட்டாய். ஒவ்வொரு தாளிலும் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. கால்பங்கு என்று மனதில் வைத்துக்கொள். கணிதத்தை ஒதுக்கிவிட்டுப் பொது அறிவால் மட்டும் கரையேற முடியாது.

நம் மாநிலப் பாடப்புத்தகம் போதாது என்று கோச்சிங் மையங்கள் சொல்லும். அதில் பாதிதான் உண்மை. வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், வெக்டர், அணிகள் எல்லாம் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் தாராளமாகவே இருக்கின்றன. விடுபடுவது சில துண்டுகள். ஒட்டுறவு, தொடர்புப் போக்கு இரண்டும் வணிகக் கணிதப் புத்தகத்தில் இருக்கும். இரும எண் முறை கணினிப் புத்தகத்தில். காமர்ஸ் படிக்கும் தோழியிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கு. பொது அறிவுத் தாளின் 600 மதிப்பெண்ணில் 200 ஆங்கிலத்துக்கு. மற்ற 400இல் பாதி இயற்பியல், வேதியியல், பொது அறிவியல். உயிரியலும் படிக்கும் உனக்கு அது சாதகம். மீதிக்கு ஆறு முதல் பத்து வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களை ஆங்கில வழிப் பதிப்பில் படி. விஷயம் உனக்கு ஏற்கெனவே தமிழில் தெரியும் என்பதால் ஆங்கிலச் சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். தமிழ் வழியில் வந்த பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான ஆங்கிலப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கோயம்புத்தூரில் ஒரு வருடம் வேண்டாம். அப்பா சம்பளத்தில் ஹாஸ்டல், ஃபீஸ் என்று கொட்டி வாங்கும் அளவுக்கு அங்கே ரகசியம் எதுவும் இல்லை. முந்தைய வினாத்தாள்கள் யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் இலவசம். ஞாயிறுதோறும் கடிகாரத்தை வைத்து ஒன்று எழுது.

எழுதித் தேறிய பிறகு வருவது எஸ்.எஸ்.பி. என்ற படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல். இதற்கும் 900 மதிப்பெண். பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஐந்து நாள் அங்கேயே தங்க வைத்துப் பார்ப்பார்கள். முதல் நாள் வடிகட்டலிலேயே பெரும்பகுதியினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்கள். ஒரு மங்கலான படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாகப் பேச வைப்பார்கள். நம் பிள்ளைகள் தோற்பது அந்தக் குழுப் பேச்சில்தான். கதை நன்றாக இருக்கும். ஆனால் வடக்கத்திப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது நம் பெண் மரியாதையாகத் தன் முறைக்குக் காத்திருப்பாள். முறை வராது. கத்தத் தேவையில்லை, ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே இரண்டு தெளிவான வாக்கியத்தை நுழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும், உச்சரிப்பில் நம் ஊர் வாடை அடித்தாலும் கவலையில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாயா என்பதுதான் கணக்கு.

அடுத்த நாள்களில் மனோதத்துவச் சோதனை: ஒரு சொல்லுக்கு 15 விநாடி என்று 60 சொற்கள், அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகள், படம் பார்த்துக் கதைகள். இதற்கு விடைகளை மனப்பாடம் செய்து கொண்டுபோகிறவர்கள் உண்டு. எல்லாக் கதையிலும் நாயகன் ஆற்றில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றினால் படிக்கிறவருக்குத் தெரியாதா? பிறகு வெளியே கயிறு, பலகை, மரக்கட்டை வைத்துத் தடை தாண்டும் குழு வேலைகள். இதில் உன் என்.சி.சி. முகாம் அனுபவம் உதவும். 'ஏ' சான்றிதழுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது.

தனி நேர்காணல் நீ நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் இருந்து தொடங்கும். அப்பா வேலை, ஊர், பள்ளி, பொழுதுபோக்கு. பச்சைத் தேயிலை விலை ஏன் சரிகிறது, ஃபேக்டரியில் இலை எப்படித் தூளாகிறது, நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் எதற்கு அறிவிக்கப்பட்டது, ஊருக்குள் ஏன் காட்டெருமை வருகிறது என்றெல்லாம் கேட்கலாம். உனக்கு எதிரே இருப்பவர் வெலிங்டனில் படித்தவராகவும் இருக்கலாம். குன்னூர் சிம்ஸ் பூங்கா அவருக்குத் தெரியும். உன் ஊரைப் பற்றி அவரிடம் கதை அளக்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல். 'அப்பா பிசினஸ் செய்கிறார்' என்று பூசி மெழுகாதே. தேயிலை ஃபேக்டரியில் என்ன வேலை, எத்தனை மணிக்குப் போகிறார், சீசனில் வீடு எப்படி இருக்கும் என்று நீ நிதானமாகச் சொன்னால் எந்த கோச்சிங் பேச்சைவிடவும் அது நன்றாக இருக்கும்.

சைனிக் பள்ளி விஷயம் இங்கேதான் வருகிறது. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளில்தான் சேர்க்கை. உனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அங்கே படித்தவர்களுக்குத் தேர்வில் சலுகை மதிப்பெண் எதுவும் இல்லை. விடுதி வாழ்க்கை, ஆங்கிலப் பேச்சு, விளையாட்டு மூன்றும் அவர்களுக்குப் பழகிப்போனவை, அவ்வளவுதான். பள்ளிக் காலை வழிபாட்டில் வாரம் ஒருமுறை ஆங்கிலத்தில் செய்தி வாசி. இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு தினம் பத்து நிமிடம் ஏதாவது ஒரு தலைப்பில் ஆங்கிலத்தில் சண்டை போடு. ஒரு வருடத்தில் அந்த இடைவெளி பெரிதாகக் குறையும்.

ஓட்டத்தையும் இன்றே தொடங்கு. அகாடமிக்கு வருகிறவர்கள் 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் சரிவுகளில் இறக்கத்தில் ஓடினால் முட்டிதான் தேயும். ஏற்றத்தில் ஓடு, இறக்கத்தில் நட.

இனி நான் முதலில் சொன்ன பெரிய வாய்ப்பு. பிளஸ் டூவில் நீட் எழுது. புனே ஏ.எஃப்.எம்.சி. ராணுவ மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு 30 இடங்கள். அதைவிட எட்டக்கூடியது ராணுவச் செவிலியர் பி.எஸ்சி. நர்சிங். பெண்களுக்கு மட்டுமான 220 இடங்கள், படித்து முடித்ததும் லெப்டினென்ட். ஜே.இ.இ. மெயின் எழுதினால் கடற்படையின் பிளஸ் டூ பி.டெக். திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம், இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 70 விழுக்காடு வேண்டும். தரைப்படையின் அதே மாதிரித் திட்டம் ஆண்களுக்கு மட்டும்.

இவை எதுவும் அமையாவிட்டாலும் ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து கல்லூரி என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் எடு. சென்னையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கும் சிறப்பு வழி அது. பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வழியாகவும் அங்கே போகலாம். 1992 முதலே பெண்கள் அதிகாரிகளாக வந்துகொண்டிருக்கிறார்கள். 2020 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிரந்தரப் பணிக்கும் வழி திறந்திருக்கிறது. என்.டி.ஏ.வுக்காக நீ படித்த ஆங்கிலமும் எஸ்.எஸ்.பி. பழக்கமும் இந்த வழிகளில் பலவற்றுக்கு அப்படியே உதவும்.

செலவைப் பற்றி அப்பாவிடம் இதைச் சொல்: என்.டி.ஏ. விண்ணப்பக் கட்டணம் பெண்களுக்குக் கிடையாது. முதல் முறை எஸ்.எஸ்.பி.க்குப் போக ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். தேர்வானால் மூன்று வருடப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு அரசுச் செலவு. பட்டம் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடையது.

செப்டம்பர் தேர்வுக்கு அறிவிப்பு பெரும்பாலும் மே மாதத்தில் வரும். அதற்கு முன் ஒரு வேலை. பிறந்த தேதிக்கு யு.பி.எஸ்.சி. பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் ஏற்கும். அதில் உன் பெயர் இனிஷியலோடு இருக்கிறதா, ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறதா என்று பார். இரண்டும் வேறுவேறாக இருந்தால் ஏப்ரலுக்குள் ஆதாரைத் திருத்திக்கொள். விண்ணப்பம் மூடும் கடைசி நாளில் ஆதார் மையத்து வரிசையில் நிற்கக்கூடாது.