ஊசிக்கு முன்னால் பாலை எடுங்கள்: மடிநோய் கேள்வி-பதில்

மழை தொடங்கியதும் தொழுவம் சேறாகும். தொழுவம் சேறானால் எனக்கு மடியைப் பற்றித்தான் கடிதம் வரும். இந்த முறையும் அப்படியே.

மடியில் வீக்கமில்லை, பாலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வேளைக்கு ஒன்றரை லிட்டர் குறைகிறது. மடிநோயாக இருக்குமா? (தாராபுரம்)

இருக்கலாம். தீவனம் மாற்றவில்லை, சினைக்கும் வரவில்லை என்றால் முதலில் மறைமுக மடிநோயை, அதாவது வெளியே அறிகுறி தெரியாத மடிநோயைச் சந்தேகப்படுங்கள். இதற்கு சி.எம்.டி. (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) போதும். முதல் பீச்சுகளைத் தனிக் கிண்ணத்தில் விட்டுவிட்டு, நாலு குழித் தட்டில் ஒவ்வொரு காம்புக்கும் ஒரு குழியாகச் சுமார் 2 மி.லி. பால், அதே அளவு சி.எம்.டி. கரைசல், பத்து விநாடி சுழற்றல். தண்ணீராக ஓடினால் நல்லது. வெண்டைக்காய் போலக் கொழகொழத்தால் அந்தக் காம்பில் நோய். நாலு காம்புப் பாலையும் ஒன்றாகக் கலந்து சோதித்தால் நல்ல பால் கெட்ட பாலை மறைத்துவிடும்.

சி.எம்.டி. கரைசல் இங்கே கிடைப்பதில்லை. (செங்கம்)

அரை லிட்டர் தண்ணீரில் துணி துவைக்கும் சோப்புத் தூள் 15 கிராம் கரையுங்கள். பாலும் கரைசலும் சரிபாதி. துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒன்றும் பார்க்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கன்று போட்டு மூன்று நாள். நாலு காம்பிலும் கெட்டியாகிறதே?

அது சீம்பால். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

மடிநோய் பார்க்கும் கலர் அட்டையில் நாலு காம்புக்கும் பச்சை வந்தது. நாலும் போய்விட்டதா? (உடுமலை)

மடியைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? ஈரம் போகத் துடைத்தீர்களா? நல்ல பாலின் பி.எச். 6.5 சுற்றி இருக்கும், நோய் வந்தால் 7ஐத் தொடும். சோப்புத் தண்ணீர் பட்டாலும் அட்டை பச்சையாகத்தான் மாறும். துடைத்து, உலரவிட்டு மறுபடி பாருங்கள்.

மாட்டுக்கு மடியில் பிரச்சினை. என்ன மருந்து போடலாம்?

எந்த மாடு, எத்தனையாவது ஈற்று, எந்தக் காம்பு, பால் எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா? ஒன்றும் எழுதாமல் மருந்து மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் ஊசி போட்டு, காம்புக்குள் மருந்து டியூபும் ஏற்றினோம். பால் திரிதிரியாக, கட்டி கட்டியாக வருவது நிற்கவில்லை. பாலை ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். கிருமி வளரவில்லை என்று தாள் வந்திருக்கிறது. இதை நம்புவதா? (மோகனூர்)

நம்பாதீர்கள். தப்பு ஆய்வகத்தின் மேல் இல்லை. ஆன்டிபயாடிக் கலந்த பாலில் கிருமி எப்படி வளரும்? மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டியூபை முதல் நாளே ஏற்றிவிடுகிறோம். அது கேட்காமல் போன பிறகுதான் சோதனை ஞாபகம் வருகிறது. இருபது வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: முதலில் பால் மாதிரி, அப்புறம் ஊசி. மாதிரியை எடுத்து ஐஸில் வைத்துவிட்டு, மருத்துவர் சொன்னால் அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கலாம். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். எந்த மருந்து கேட்கும் என்று அதில் தெரிந்துவிடும்.

எடுக்கும் விதமும் முக்கியம். ஒருமுறை ஒருவர் குளிர்பானப் பாட்டில் நிறையப் பாலோடு மத்தியான வெயிலில் பஸ் ஏறி வந்தார். மூடியைத் திறந்தால் தயிர் வாசனை. நாலு காம்பும் அதில் கலந்திருந்தது, பாட்டிலின் அடியில் வைக்கோல் துணுக்கு வேறு. அதில் எந்தக் கிருமி மடியில் இருந்து வந்தது, எது வழியில் ஏறியது என்று யார் சொல்வது? காம்பைக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேயுங்கள். துடைக்கும்போது தூரத்துக் காம்பில் தொடங்குங்கள், பால் எடுக்கும்போது பக்கத்துக் காம்பில் தொடங்குங்கள். அப்போதுதான் துடைத்த காம்பில் உங்கள் கை உரசாது. முதல் பீச்சுகளைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய குழாயைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மி.லி. போதும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுக்கலாம்.

உங்கள் மாட்டுக்கு வருவோம். கிருமி செத்த பிறகும் சில நாள் திரி வரும். அப்படியும் இருக்கலாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியாகவும் இருக்கலாம். அது ஒரு நாள் பாலில் வரும், ஒரு நாள் வராது, ஆகவே ஒரு தடவை இல்லை என்று வந்தால் கணக்கில்லை. இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கலந்திருப்பதால் பாலை ஒதுக்க வேண்டிய காலம் முடிந்து பத்து நாள் போல விட்டு மறுபடி மாதிரி கொடுங்கள். அதுவரை இந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். சொசைட்டிக்கு அந்தப் பாலை ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள்.

முதல் ஈற்றுக் கிடாரி. கன்று போட இன்னும் நாலு நாள். மடி கல்லாக வீங்கியிருக்கிறது. (மணப்பாறை)

விரலால் அமுக்குங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால், சூடும் வலியும் இல்லையென்றால் அது நீர்க்கோவை. கன்று போட்ட பின் வற்றும்.

பால் ரோஜா நிறத்தில் வருகிறது. கண்ணேறு என்கிறார்கள்.

கன்று போட்ட முதல் வாரத்தில் நுண் இரத்தக் குழாய் உடைந்து இப்படி வருவது உண்டு. திரி, சூடு, வலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சி.எம்.டி.யை நம்பி உட்காராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூசணிக்காய் சுற்றுவது உங்கள் இஷ்டம்.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு பூசினால் போதாதா? (பாபநாசம்)

கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15 என்று அரைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள் பூசுவது வழக்கத்தில் இருக்கிறது. நான் தடுப்பதில்லை. பூசுவதற்கு முன்னால் மாதிரி எடுத்தீர்களா என்றுதான் கேட்பேன். காலையும் மாலையும் முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள், தரையில் விடாதீர்கள். தரையில் விட்டால் திரியும் தெரியாது, கிருமியும் படுக்கையில் பரவும்.

நேற்று 104 டிகிரி காய்ச்சல். இன்று மாடு எழவில்லை, பால் மஞ்சள் தண்ணீராக வருகிறது, ஒரு காம்பு நீலம் பாய்ந்து சில்லென்று இருக்கிறது. என்ன சோதனை செய்யலாம்?

இது கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கிற நோயில்லை. இப்படிப் பார்த்த நிமிடமே உங்கள் மருத்துவரையோ கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962ஐயோ கூப்பிட வேண்டும். அவர் வருவதற்குள் அந்தக் காம்பிலிருந்து மாதிரி எடுத்து ஐஸில் வையுங்கள்.