கொரோலாவுக்கு வின்ரர் ரயர்: காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களிடம் 2020 ரொயோட்டா கொரோலா எஸ்ஈ இருக்கிறது. ரயர் அளவு 225/40ஆர்18. விடிய ஐந்து மணிக்கு 401 நெடுஞ்சாலையில் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறேன். பின்னேரம் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். வின்ரர் ரயருக்கு ஆயிரம் டொலருக்கு மேல் ஒதுக்க முடியாது. பாவித்த ரயர் நான்கு வாங்கலாமா, இல்லை முன்னுக்கு மட்டும் புதிதாக இரண்டு போட்டால் காணுமா?"

இரண்டு காணாது. கொரோலாவை இழுப்பது முன்சில்லு. அதனால் முன்னுக்கு நல்ல ரயர் இருந்தால் புறப்படும்போது சறுக்காது, அந்தத் தைரியத்தில்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஆபத்து பின்னுக்கு இருக்கிறது. 401இல் இருந்து மார்க்கம் றோட்டுக்கு இறங்கும் வளைவில் பிரேக்கைத் தொடுகிறீர்கள் என்று வையுங்கள். காரின் பாரம் முன்னுக்குச் சாயும், பின்பக்கம் இலேசாகும். முன்ரயர் தரையைப் பிடிக்கும், பின்ரயர் பிடிக்காது. கார் அப்படியே சுழன்றுவிடும். பிள்ளைகள் இருப்பது பின் இருக்கையில். ஆகவே நான்கும் போடுங்கள், நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

உங்கள் காசைத் தின்னப்போவது அளவின் கடைசியில் உள்ள 18, அதாவது 18 அங்குல ரிம்தான். அதே ஆண்டுக் கொரோலாவின் எல்ஈ மொடல் 205/55ஆர்16 ரயரில் ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் இரண்டு சில்லின் மொத்த உயரமும் 637, 632 மில்லிமீற்றர். ஒரு வீத வித்தியாசம்கூட இல்லை, ஸ்பீடோமீற்றர் குழம்பாது. 16 அங்குலம் நிறைய விற்கும் அளவு என்பதால் விலையும் குறைவு, தெரிவும் அதிகம். அதைவிட, ஒடுக்கமான ரயர் ஸ்னோவை வெட்டிக்கொண்டு தரைக்கு இறங்கும். தடித்த பக்கச்சுவர் பனிக்காலக் குழிகளில் ரிம்மைக் காப்பாற்றும்.

இந்த ரயர்களை 16 அங்குல இரும்பு ரிம்மிலேயே ஏற்றி வையுங்கள். இருக்கிற ரிம்மில் ஒவ்வொரு பருவமும் ரயரைக் கழற்றி மாட்டினால் அந்தக் கூலியே சில வருடங்களில் ரிம்மின் விலையைத் தாண்டிவிடும். ஒரேயொரு எச்சரிக்கை: எஸ்ஈயின் பிரேக்கில் தட்டாமல் சுற்றுகிறதா என்று ஒரு ரிம்மைக் கொழுவிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். ரயரின் பார எண் (எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் எண்) கார் கையேட்டில் உள்ளதைவிடக் குறையவும் கூடாது. காற்றழுத்த சென்சரைத் தவிர்த்தும் மிச்சம் பிடிக்கலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் குளிர் கூடக்கூடக் காற்று குறையும், ஏறத்தாழ 5 பாகைக்கு ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). அதனால் மாதம் ஒருமுறையாவது நீங்களே கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாவித்த ரயரை நான் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. வடிவாகப் பார்த்து வாங்க வேண்டும். பக்கச்சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. ஆறு வருடம் தாண்டியதை விட்டுவிடுங்கள், பூ (தரையைத் தொடும் பக்கத்தில் உள்ள வெட்டுவடிவம்) எவ்வளவு இருந்தாலும் சரி. குளிரிலும் இறுகாத ரப்பர்தான் வின்ரர் ரயரின் உயிர், வயது போனால் அது இறுகிவிடும். அப்புறம், பூவில் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் வரிவரியாக இருக்கும். ஐஸைக் கடித்துப் பிடிப்பவை அவைதான். தேயத் தேய அவையும் மறைந்துபோகும். பூவின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் ஸ்னோவில் ஓட்டவேண்டாம் என்பது கனடாப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. ஆகவே 5 மில்லிமீற்றர் உள்ள பாவித்த ரயரை வாங்கினால் ஒரு பருவத்துக்கே கஷ்டம். அது மலிவே இல்லை.

புதிதாக வாங்கினால் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த அடையாளம் கட்டாயம் இருக்கவேண்டும். வெறும் எம்+எஸ் (சேறு, ஸ்னோ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து ஓல் சீசன் ரயரிலும் இருக்கும், அதை நம்பவேண்டாம். ஜெனரல் அல்டிமக்ஸ் ஆர்க்டிக் 12, ஃபயர்ஸ்டோன் வின்ரர்ஃபோர்ஸ் 2 போன்ற நடுத்தர விலை ரயர்கள் உங்கள் தேவைக்குப் போதும். ஓல் வெதர் ரயர் என்று ஒன்றும் உண்டு. மலை அடையாளம் அதிலும் இருக்கும், வருடம் முழுக்கக் கழற்றவே தேவையில்லை. பகலில், ஸ்னோ வழித்த பிறகு மட்டும் ஓடுகிறவருக்கு அதையே சொல்லியிருப்பேன். நீங்கள் புறப்படுவது விடிய ஐந்து மணிக்கு, வின்ரர் ரயர்தான் வேண்டும்.

கியூபெக்கைப்போல ஒன்ராறியோவில் இது சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், பற்றுச்சீட்டோடு உங்கள் ஏஜென்ரை அழையுங்கள்.

முதல் ஸ்னோ விழுந்த பிறகு மலிவான அளவுகள் முதலில் முடிந்துவிடும், அதனால் ஒக்டோபரிலேயே வாங்குங்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே நிலைக்கத் தொடங்கும்போது மாட்டுங்கள். மாட்டி நூறு கிலோமீற்றர் ஓடியதும் கராஜுக்குத் திரும்பப் போய் நட்டுகளைச் சரியான அளவுக்கு இறுக்கித் தரச் சொல்லுங்கள்.