பாப் மைசரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: புகைப்படக்கலை முதுகலை மாணவன் நான். தன்பாலீர்ப்புப் படங்களைத் துணிந்து அச்சில் கொண்டுவந்த அமெரிக்கர் பாப் மைசர் (1922–1992) பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். இணையத்தில் உதிரிப் படங்களே கிடைக்கின்றன. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: உதிரிப் படங்களை ஒதுக்கிவையுங்கள். அவர் 1951-இல் தொடங்கிய ‘ஃபிசிக் பிக்டோரியல்’ என்ற ஆண் உடற்கட்டுப் பட இதழை அட்டையிலிருந்து விலை விவரம் வரை வரிசையாகப் படியுங்கள். 1997-இல் டாஷன் பதிப்பகம் அதை மூன்று தொகுதிகளாக மறுஅச்சிட்டது. பெரிய கலை நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

ஏன் இதழ் என்றால், அவர் பிழைப்பே தபாலில் படம் விற்பதுதான். 1945-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘அத்லெடிக் மாடல் கில்ட்’ என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். தபாலில் ஆபாசம் அனுப்பினால் குற்றம் என்னும் 1873-ஆம் ஆண்டு காம்ஸ்டாக் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. 1947-இல் அவர் ஒரு வழக்கில் தண்டனை பெற்று, உழைப்பு முகாமுக்குப் போய் வந்தார். திரும்பியவர் தொழிலைக் கைவிடவில்லை, நெளிவுசுளிவு கற்றுக்கொண்டார். மாடல்களின் இடுப்பில் கோவணம் போன்ற சிறு துணி ஏறியது. அதைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய தாயார் டீலியா! கிரேக்கத் தூண்கள், மல்யுத்தப் பிடிகள், உடற்பயிற்சி என்ற சாக்கு எல்லாமே தபால் அதிகாரியின் கண்ணுக்காக. சட்டத்தை விட்டுவிட்டு அழகியலை மட்டும் எழுதினால் உங்கள் ஆய்வேடு பாதிதான் நிற்கும். தணிக்கையைச் சாடி அவர் படங்களின் அடியிலேயே எழுதிய நீண்ட குறிப்புகளையும் தாண்டிப் போகாதீர்கள். என் பார்வையில், கேமராக்காரரைவிடப் பதிப்பாசிரியர் மைசரே பெரியவர்.

அதற்குச் சான்றாக 1957 வசந்த கால இதழே போதும். அதன் அட்டையில் மரம் வெட்டும் தொழிலாளர்களின் ஓவியம். ‘டாம்’ என்று மட்டும் கையெழுத்திட்டு அனுப்பியவர் ஃபின்லாந்து ஓவியர் டோக்கோ லாக்சோனன். மைசர் அச்சில் ‘டாம் ஆஃப் ஃபின்லாந்து’ என்று போட்டார். உலகம் இன்றும் அப்படியே அழைக்கிறது. ஓவியர் டேவிட் ஹாக்னி லாஸ் ஏஞ்சலிஸைப் பார்ப்பதற்கு முன்பே, 1963-இல், இந்த இதழின் படத்தை வைத்து அந்நகர வீட்டுக் காட்சி ஒன்றைத் தீட்டியதும் நினைவிருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. ஆண் உடற்கட்டு இதழ்கள் ஆபாசமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. அதை மைசரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வழக்காடியவர் லின் வொமாக் என்ற வேறொரு பதிப்பாளர். பலன் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது.

மூலப் பிரதிகள் தேவைப்பட்டால், சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள பாப் மைசர் அறக்கட்டளைக்கு எழுதிக் கேளுங்கள். சில படங்களின் ஓரத்தில் சிறு குறியீடுகள் தென்படும். அவை மாடல்களின் குணம்பற்றி மைசர் சங்கேதமாகப் பதிந்தவை. ஆய்வுக்கு அருமையான சரக்கு என்றாலும், அவை ஒருதலைப்பட்சமானவை. படத்தில் நிற்கும் இளைஞர் தன்னைப்பற்றிச் சொன்னதாக அவற்றை மேற்கோள் காட்டக் கூடாது.