ஒரு பாட்டிலில் மட்டும் தோல் கிருமி: பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டை நம்புவதா, ஒதுக்குவதா?

கேள்வி: வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அட்மிட் ஆகி நான்கு நாளான 60 வயதுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு கையிலிருந்து ஒரு செட் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்து அனுப்பினோம். இரண்டாம் நாள், ஒரு பாட்டிலில் மட்டும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபிலோகாக்கஸ் (தோலில் சாதாரணமாக வாழும் கிருமிக் கூட்டம்) வளர்ந்திருப்பதாக லேபிலிருந்து ரிப்போர்ட். ஒரு டாக்டர் ‘கன்டாமினேஷன்தான் (எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்தது), விடுங்கள்’ என்கிறார். நைட் டியூட்டி டாக்டர் ஏற்கெனவே வேன்கோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்கை ஆரம்பித்துவிட்டார். யார் சொல்வது சரி? எடுத்த விதத்தில் எங்கே தப்பு நடந்திருக்கும்?

பதில்: கையில் ஒரே செட் இருக்கும்வரை இதற்கு உறுதியான பதில் யாரிடமும் இருக்காது. லேபிலும் இருக்காது. வளர்ந்த கிருமி ரத்தத்தில் இருந்ததா, ஊசி நுழைந்த இடத்துத் தோலில் இருந்ததா என்பதைக் கிருமியின் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவது இடத்தில் குத்தி எடுத்த ரத்தத்திலும் அதே கிருமி வளர்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே உங்கள் வார்டில் முதலில் மாற வேண்டியது ‘ஒரு செட் போதும்’ என்ற வழக்கம்.

செட் என்ற சொல்லில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஒரு முறை குத்தி எடுத்த ரத்தத்தை ஏரோபிக் (காற்றில் வளரும் கிருமிக்கு), அனரோபிக் (காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு) என்று இரண்டு பாட்டிலில் விட்டால் அது ஒரு செட். ஒரே குத்தில் நான்கு பாட்டில் நிரப்பினாலும் இடம் ஒன்றுதான். தோல் கிருமி ஊசியோடு வந்திருந்தால் நான்கிலும் வளரலாம். பெரியவர்களுக்கு வேண்டியது இரண்டு அல்லது மூன்று செட், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வரை. இரண்டு செட்டுக்கு மொத்தம் 32 முதல் 40 மி.லி. ஆகும். அதிகமாகத் தோன்றலாம். ஆனால் பெரியவர்களின் ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும்போதுகூட, ஒரு மி.லி.யில் ஒரு கிருமிகூட இல்லாத நிலை சகஜம். 3 மி.லி. எடுத்தால் அதில் எதுவும் மாட்டாமலே போகலாம். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எடுத்த கல்ச்சர்களில் முதல் செட் மட்டும் ஏறத்தாழ 73 சதவீதத் தொற்றுகளைப் பிடித்தது. இரண்டு செட் 90 சதவீதம், மூன்று செட் 98 சதவீதம். ஒரே செட்டோடு நிறுத்தினால் நான்கில் ஒன்று தப்பிவிடுகிறது. வளர்ந்ததை நம்புவதா என்ற சந்தேகமும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

இப்போது உங்கள் நோயாளிக்கு வருவோம். வேன்கோமைசின் ஆரம்பித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பாட்டில் பாசிட்டிவ் ஆனவுடன் லேபிலிருந்து போனில் வரும் தகவல் ‘கிராம் பாசிட்டிவ் காக்கஸ் (உருண்டை வடிவக் கிருமிகள்), கொத்துக் கொத்தாக’ என்பதுதான். அந்த நேரத்தில் அது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸா, தோலில் வாழும் அதன் உறவா என்று மைக்ரோஸ்கோப்பில் பிரித்துச் சொல்ல முடியாது. ஆரியஸாக இருந்தால் தாமதம் உயிருக்கு ஆபத்து. ஆகவே நோயாளி வாடியிருந்தால் மருந்தை ஆரம்பிப்பது நியாயம். தப்பு எங்கே வருகிறது என்றால், பெயர் வந்த பிறகும் மறுபரிசீலனை இல்லாமல் அதை ஏழு நாள், பத்து நாள் ஓட்டுவதில். வேன்கோமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேவையில்லாத ஐவி லைன் நீடிக்கும். அந்த லைனே அடுத்த தொற்றுக்கு வாசலாகும்.

செய்ய வேண்டியது இது. அடுத்த டோஸ் போகும் முன் இரண்டு கைகளிலிருந்தும் புதிதாக ஒவ்வொரு செட் எடுங்கள். மருந்து உள்ளே போயிருப்பதால் வளரும் வாய்ப்பு குறையும் என்பது உண்மைதான். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளிடம் ஆண்டிபயாட்டிக்குக்கு முன்னும், கொடுத்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் கல்ச்சர் எடுத்து ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வில் பாசிட்டிவ் விகிதம் 31.4 சதவீதத்திலிருந்து 19.4 சதவீதமாக இறங்கியது. அதனால் புது கல்ச்சரின் நெகட்டிவை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. உடம்பில் என்னென்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் கதீட்டர்), டயாலிசிஸ் கதீட்டர், செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு ஆகிய எதுவும் இல்லை, ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறது, புது செட்டுகளில் 48 மணி நேரம் வரை எதுவும் வளரவில்லை என்றால் முதல் ரிப்போர்ட் பெரும்பாலும் தோல் கிருமிதான். மருந்தை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். காய்ச்சலுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்; பழைய கேனுலா (கையில் போடும் ஐவி குழாய்) போட்ட இடத்தையும் ஒருமுறை பாருங்கள்.

மேலே சொன்னவற்றில் ஒன்று உடம்பில் இருந்தால் கணக்கு மாறும். இந்தக் கிருமிகள் பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் பசைப்படலம் கட்டி ஒட்டிக்கொள்பவை. வெவ்வேறு இடத்தில் எடுத்த இரண்டு செட்டிலும் ஒரே இனம், ஒரே மாதிரி சென்சிட்டிவிட்டி (எந்த மருந்துக்கு அடங்கும் என்பது) என்றால் அதை உண்மைத் தொற்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் எபிடெர்மிடிஸ், மற்றதில் ஹோமினிஸ் என்று வந்தால் இரண்டுமே தோலிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். எனவே ‘கோயாகுலேஸ் நெகட்டிவ்’ என்ற பொதுப்பெயரோடு லேப் நிறுத்திவிட்டால், சந்தேகம் உள்ள நோயாளிக்கு இனப்பெயர் கேளுங்கள். இதில் இன்னொரு விஷயமும் உண்டு: லக்டுனென்சிஸ் என்ற இனம் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான் என்றாலும் ஆரியஸைப் போலவே வால்வுகளை நாசம் செய்யும். அதை எளிதில் ஒதுக்கக்கூடாது.

சென்ட்ரல் லைன்மேல் சந்தேகம் என்றால் லைனிலிருந்து ஒரு செட், கையில் குத்தி ஒரு செட், இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் எடுக்க வேண்டும். லைனில் எடுக்கும் முன் அதன் முனையிலுள்ள கனெக்டரைப் புதிதாக மாற்றுங்கள். பழைய கனெக்டருக்குள் குடியேறிய கிருமி ரிப்போர்ட்டில் ஏறிவிடும். லைன் பாட்டில் கை பாட்டிலைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திப் பாசிட்டிவ் ஆனால் தொற்றின் மூலம் லைன் என்று கொள்ளலாம். அளவு சமமாக இல்லாவிட்டால், அல்லது எது எங்கிருந்து எடுத்தது என்று லேபிளில் எழுதாவிட்டால், இந்த ஒப்பீட்டால் பயனில்லை.

எத்தனை மணி நேரத்தில் பாட்டில் பாசிட்டிவ் ஆனது என்பதும் ஒரு தடயம். உண்மையான தொற்று பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். தோல் கிருமி எண்ணிக்கையில் குறைவாகப் போவதால் தாமதமாக வளரும். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும் எல்லை அகலமானது, இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரவு எடுத்த பாட்டில் காலைவரை வார்டு மேசையில் கிடந்திருந்தால் இந்த நேரக்கணக்கே பொய்யாகிவிடும்.

எந்தக் கிருமியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு ஒரு பொது அளவுகோல் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நியூமோகாக்கஸ், ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் எருஜினோசா, கேண்டிடா ஆகியவை ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் உண்மை என்றே எடுத்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். ஆரியஸ் என்றால் நெகட்டிவ் ஆகும்வரை கல்ச்சரைத் திரும்ப எடுப்பதும், எக்கோ (இதய ஸ்கேன்) பார்ப்பதும் கூடவே வரும். டிஃப்தெராய்டுகள், மைக்ரோகாக்கஸ், கியூட்டிபாக்டீரியம், ஆந்த்ராக்ஸ் அல்லாத பாசிலஸ் இனங்கள் பெரும்பாலும் தோலிலிருந்தோ சூழலிலிருந்தோ வந்தவை. விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் என்டரோகாக்கஸும் நடுவில் நிற்பவை. நோயாளியைப் பார்க்காமல் அவற்றைப் பற்றிப் பேச முடியாது.

எடுக்கும்போது எங்கே சறுக்குகிறது

பெரும்பாலான கன்டாமினேஷன் தோலைச் சுத்தம் செய்யும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நேர்கிறது. 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடின் நல்ல தேர்வு. 30 விநாடி முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்த்து, பிறகு குறைந்தது 30 விநாடி தானாகக் காய விட வேண்டும். ஊதக்கூடாது, கையால் விசிறக்கூடாது, பஞ்சால் ஒற்றக்கூடாது. பொவிடோன் அயோடின் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். அதற்கு முன் குத்தினால் அது வேலையை முடித்திருக்காது. சுத்தம் செய்த பின் ரத்தக்குழாயை விரலால் மறுபடி தடவிப் பார்ப்பதுதான் நான் அதிகம் கண்டிக்கும் பழக்கம். கையுறை போட்டிருந்தாலும் அது ஸ்டெரைல் கையுறை இல்லை. குழாய் எங்கே என்று முதலிலேயே தடவி முடிவு செய்துகொள்ளுங்கள்; பிறகு தொட்டுவிட்டால் மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

டிரேயில் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடக்கும் பஞ்சையும் நம்பாதீர்கள். பாசிலஸின் ஸ்போர்கள் (கடினமான ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹாலில் சாவதில்லை. ஒரே வாரத்தில் சம்பந்தமில்லாத பல நோயாளிகளுக்கு ‘பாசிலஸ்’ என்று ரிப்போர்ட் வந்தால் நோயாளிகளை விட்டுவிட்டு அந்த டிரேயைச் சோதியுங்கள். 1980-களின் தொடக்கத்தில் பொவிடோன் அயோடின் கரைசலிலேயே சூடோமோனாஸ் செபாசியா (இன்று பர்கோல்டேரியா) உயிரோடு இருந்து பொய்யான பாசிட்டிவ்களைத் தந்தது பதிவாகியிருக்கிறது. கிருமிநாசினியிலும் கிருமி இருக்கும் என்றால் பலர் சிரிப்பார்கள்.

பாட்டில் மூடியின் பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றியதும் அடியில் தெரியும் ரப்பர் சுத்தமாகத் தோன்றும். அது ஸ்டெரைல் இல்லை. 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காய விட்ட பிறகே ஊசி நுழைய வேண்டும். அங்கே அயோடின் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும்.

ஏற்கெனவே போட்டிருக்கும் கேனுலாவிலிருந்து எடுக்காதீர்கள். ஐவி ஓடும் கையில், அதற்கு மேலே எடுத்தால் ரத்தம் நீர்த்துப்போகும். தொடை இடுக்கில் எடுப்பதை முடிந்தவரை தவிருங்கள். முதலில் வரும் 1 முதல் 2 மி.லி. ரத்தத்தைத் தனியாகப் பிரித்துவிட்டால் ஊசி வெட்டியெடுத்த தோல் துணுக்கும் அதிலுள்ள கிருமியும் அதோடு போய்விடும். ஆனால் அதை வழக்கமான ரத்தக் குழலில் விட்டு, அதே ஊசியால் கல்ச்சர் பாட்டிலைக் குத்தக்கூடாது. அந்தக் குழல்களின் உட்புறம் ஸ்டெரைலாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இதற்கென்றே மூடிய அமைப்புள்ள சாதனங்கள் கிடைக்கின்றன. அவை இல்லையென்றால் கல்ச்சர் பாட்டில்களே முதலில், மற்ற குழல்கள் அதன் பிறகு.

பாட்டில்களில் எது முதலில்? பட்டர்ஃபிளை ஊசியில் நேரடியாக எடுத்தால் ஏரோபிக் முதலில், ஏனென்றால் டியூபிலுள்ள காற்று முதல் பாட்டிலுக்குள் போகும். அனரோபிக்கில் காற்று போனால் அதன் பயன் போய்விடும். சிரிஞ்சில் எடுத்தால் அனரோபிக் முதலில். ரத்தம் குறைவாகவே வந்தது என்றால் எந்த முறையானாலும் ஏரோபிக்கை நிரப்பிவிட்டு மிச்சத்தை மற்றதில் விடுங்கள். கேண்டிடாவும் சூடோமோனாஸும் அங்கேதான் நன்றாக வளரும். இரண்டு பாட்டில்களுக்கிடையே ஊசியை மாற்ற வேண்டியதில்லை, அதில் குத்திக்கொள்ளும் ஆபத்துதான் மிச்சம்.

வெற்றிடம் இழுப்பது 10 மி.லி.யில் தானாக நிற்காது. குத்தும் முன்பே பாட்டிலின் பக்கவாட்டில் திரவ மட்டத்திலிருந்து 10 மி.லி. மேலே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூடினாலும் சிக்கல்தான்: வெள்ளணுக்கள் விடும் கார்பன் டை ஆக்சைடையே மெஷின் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு பொய்யாகச் சத்தம் கொடுக்கலாம். கிராம் ஸ்டெயினில் (சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதில்) ஒன்றும் தெரியாத பாசிட்டிவ் பாட்டிலுக்கு இது ஒரு காரணம். குழந்தைகளுக்கு இந்த அளவுகள் பொருந்தாது, எடையை வைத்து அளவு தீர்மானிக்க வேண்டும்.

எடுத்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அறை வெப்பத்தில் வைத்து, 2 மணி நேரத்துக்குள் லேப் மெஷினுக்குள் போகும்படி அனுப்புங்கள். நோயாளி லேபிளைப் பாட்டிலின் பார்கோடுமேல் ஒட்டாதீர்கள். எடுத்த நேரம், இடம், அதற்கு முன் போன ஆண்டிபயாட்டிக் ஆகிய மூன்றையும் படிவத்தில் எழுதுங்கள். காய்ச்சல் உச்சத்துக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் எடுத்தால் அதிகம் வளர்வதாகத் தெரியவில்லை. செப்டிக் ஷாக்கில் (தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில்) இருக்கும் நோயாளிக்கு மட்டும், ரத்தம் கிடைக்கவில்லை என்று ஆண்டிபயாட்டிக்கை முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வார்டின் கன்டாமினேஷன் விகிதத்தை மாதாமாதம் லேபில் கேட்டு வாங்குங்கள். 200 செட் அனுப்பியதில் 9 கன்டாமினேட் ஆனது என்றால் 4.5 சதவீதம். 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. நன்றாகச் செய்யும் இடங்களில் 1 சதவீதம் எட்டக்கூடியதே. கூடவே ரத்த அளவையும் சோதியுங்கள். நிரப்பிய பாட்டிலின் எடையிலிருந்து ரத்தம் விடும் முன் இருந்த எடையைக் கழித்தால் போதும், 1 மி.லி. ரத்தம் ஏறத்தாழ 1.05 கிராம். கழித்து வருவது 4 கிராம் என்றால், அந்தப் பாட்டில் நெகட்டிவாக வந்தாலும் ‘ரத்தத்தில் கிருமி இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள்.