ஓடுவதும் நடப்பதும் செல்வதும்

கேள்வி: ‘கரண்ட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் நீரோட்டம், மின்னோட்டம், நடப்பு என்று பல பொருள் தருகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு சொல் தமிழில் இல்லாதது குறைதானே?

பதில்: குறையே இல்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியைத் தேடுகிறீர்கள்.

லத்தீனில் ‘குர்ரேரே’ என்றால் ஓடுதல். அந்த வேரிலிருந்து வந்ததுதான் கரண்ட். ஆற்றில் ஓடினாலும் கம்பியில் ஓடினாலும் ஆங்கிலத்துக்கு அது ஒன்றே. கம்பிக்கு இந்தச் சொல் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத பாய்மம், அதாவது நீர்போல் ஓடும் பொருள் என்றே அறிஞர்கள் பலர் எண்ணினார்கள். பெஞ்சமின் பிராங்க்ளினும் அப்படித்தான் கருதினார். அட்லாண்டிக் கடலின் வளைகுடா நீரோட்டத்துக்கு வரைபடம் அச்சிட ஏற்பாடு செய்தவரும் அவரே! பாய்மக் கொள்கை பிற்பாடு கைவிடப்பட்டது, சொல் நிலைத்துவிட்டது.

தமிழுக்கு வாருங்கள். நீரோட்டம், மின்னோட்டம், இரத்த ஓட்டம்: இதுவரை நாமும் ஓடுகிறோம். நிகழ்காலத்தைச் சொல்லும்போது தமிழ் ஓட்டத்தை விட்டு நடைக்கு மாறுகிறது: நடப்பு ஆண்டு, நடப்பு நிகழ்வுகள், வங்கியில் நடப்புக் கணக்கு. அதே லத்தீன் வேரில் பிறந்த ‘கரன்ஸி’யைப் பாருங்கள். தமிழில் காசு ஓடவுமில்லை, நடக்கவுமில்லை, செல்லும். செல்லாவிட்டால் அது செல்லாக்காசு. ஓடு, நட, செல் என மூன்று வினைகளை மூன்று இடங்களில் அளந்து வைத்திருக்கும் மொழியிடம் போய், ஒரே சொல் கொடு என்று கேட்கலாமா?

‘கரண்ட் போய்விட்டது’ என்று நாம் சொல்வது தனிக்கதை. ஆங்கிலேயர் அந்த இடத்தில் ‘பவர்’ என்பார்கள். கடன் வாங்கிய சொல்லுக்கும் நாம் நம் பொருளைக் கொடுத்துவிட்டோம்.

எனக்குக் கோபம் வருவது அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்து ஒட்டுபவர்கள் மீதுதான். சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்பு என் மேசைக்கு வந்தது. ‘படகு பலமான நடப்பில் சிக்கிக் கரையை விட்டு விலகியது’ என்று இருந்தது. எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும், காதே சொல்லியிருக்கும். படகை இழுத்துச் செல்வது எது என்று அவர் யோசிக்கவே இல்லை. ‘நடப்பில்’ என்பதை அடித்துவிட்டு ‘நீரோட்டத்தில்’ என்று எழுதி அனுப்பினேன்.